இங்கிலீஷ் பரீட்சையும் நன்னூல் கிளியும்

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் நமது குடும்பங்களில் ஒரு விசேஷ அமைதி குடிகொண்டுவிடுகிறது. தொலைக்காட்சிப் பெட்டி வாயை மூடிக்கொள்கிறது. விருந்தாளிகள் வருவது நின்றுபோகிறது. தப்பித் தவறி வந்தாலும் தாழ்ந்த குரலிலேயே பேசிவிட்டுப் போகிறார்கள். பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடையும் சத்தம் மட்டும் அதிகமாகக் கேட்கிறது. கணக்குப் பரீட்சைக்கு ஒரு தேங்காய் என்றால் இங்கிலீஷ் பரீட்சைக்கு இரண்டு தேங்காய் என்று நேர்ந்துகொள்ளும் தாய்மார்களையும் நாம் அறிவோம்.

முடிவு வெளியானதும் உற்றாரும் அயலாரும் கேட்கும் முதற் கேள்வி, "இங்கிலீஷில் எத்தனை மார்க்கு?" என்பதுதான். மார்க்கைச் சொன்னதும் தலையை ஆட்டுகிறார்கள். அல்லது நாக்கைச் சப்புக் கொட்டுகிறார்கள். அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. "பையனுக்கு ஒரு பக்கம் இங்கிலீஷைக் கொடுத்தால் படித்துப் பொருள் சொல்வானா?" என்று கேட்டவர் ஒருவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை. இரண்டு கேள்விகளும் ஒன்றே என்று உலகத்தார் நினைத்திருக்கிறார்கள் போலும். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பாஷையைப் போதித்து, ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைச் சிவப்பு மையால் அலங்கரித்து வந்திருக்கும் நமக்கு, அவை இரண்டும் ஒன்றாகத் தோன்றவில்லை. அந்த வித்தியாசத்தைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

நேயர்களை முதலில் ஒரு சிறு பரீட்சைக்கு உட்படுத்த அனுமதி வேண்டுகிறோம். பயப்பட வேண்டாம், பரீட்சை தமிழில்தான். கீழே உள்ள பகுதியைப் படித்துக் கேள்விகளுக்கு விடை தருக:

"சென்ற வெள்ளிக்கிழமை மாலை தும்பிரான் மூன்று சிலுக்கைகளைப் பொரங்கிக்கொண்டு மடுக்கைக்குப் போனான். அங்கே ஒரு கிழட்டுப் பொசுவல் அவனைக் கண்டு மிகவும் நெகுளிற்று. ஆகையால் தும்பிரான் சிலுக்கைகளை அங்கேயே கதுப்பிவிட்டுத் திரும்பினான்."

தும்பிரான் மடுக்கைக்கு எப்போது போனான்? எத்தனை சிலுக்கைகளைப் பொரங்கிக்கொண்டு போனான்? அவனைக் கண்டு நெகுளியது எது? தும்பிரான் சிலுக்கைகளை ஏன் கதுப்பிவிட்டுத் திரும்பினான்?

நாலு கேள்விக்கும் நேயர்கள் இதற்குள் சரியான விடை சொல்லியிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை மாலை போனான், மூன்று சிலுக்கைகள், நெகுளியது கிழட்டுப் பொசுவல், அது மிகவும் நெகுளியதால் கதுப்பிவிட்டுத் திரும்பினான். நூற்றுக்கு நூறு மார்க்கு! ஆனால் சிலுக்கை என்பது தின்னும் பண்டமா, கட்டிக்கொள்ளும் துணியா, பறக்கும் பட்சியா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எழுதிய நமக்கே தெரியாது. அப்படி ஒரு வஸ்து உலகத்தில் கிடையாது.

நமது பிள்ளைகள் இங்கிலீஷ் வினாத்தாளில் உரைநடைப் பகுதியைக் கண்டதும் செய்வது பெரும்பாலும் இதுதான். கேள்வியில் உள்ள வார்த்தையைப் பகுதியில் தேடிப் பிடிக்க வேண்டியது. அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுத வேண்டியது. டியூஷன் வகுப்புகளில் இதைப் பெரிய வித்தையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வித்தையில் தேர்ந்த மாணாக்கன், ரயில் விபத்தைப் பற்றிய பகுதியானாலும் ரோஜாச் செடியைப் பற்றிய பகுதியானாலும் ஒரே மனோபாவத்துடன் விடை எழுதிவிட்டு எழுந்து போகிறான். விபத்தில் எத்தனை பேர் மாண்டார்கள் என்று தாளில் எழுதியிருப்பான். ஆனால் யாரோ மாண்டார்கள் என்ற சமாசாரமே அவனுக்குத் தெரிந்திராது.

தும்பிரான் கதையில் கவனிக்கத்தக்க இன்னொரு விஷயமும் இருக்கிறது. பொருள் ஒன்றுமே விளங்காமலிருந்தும், தும்பிரான் ஆண்மகன் என்பதும், பொசுவல் அஃறிணை என்பதும், நடந்தது இறந்தகாலம் என்பதும், ஒரு காரியத்துக்கு மற்றொன்று காரணம் என்பதும் நேயர்களுக்கு விளங்கிவிட்டன அல்லவா? அதை விளக்கியது இலக்கணம். "ஐ" என்ற உருபும் "ஆகையால்" என்ற சொல்லும் சேர்ந்து இவ்வளவு தூரம் உங்களைக் கைப்பிடித்து அழைத்து வந்தன. ஆகவே இலக்கணம் வீண் என்று சொல்லும் நவீனர்களின் கட்சியில் நாம் சேருவதற்கில்லை. வாசிப்பவனுக்கு வழி காட்டுவதுதான் இலக்கணத்தின் தொழில் என்றும், அந்தத் தொழிலை அது செய்கிறதா என்பதையே பரீட்சை பார்க்கவேண்டும் என்றும் சொல்கிறோம்.

★

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் உவமை வகுத்திருக்கிறார். அன்னமும் பசுவும் போன்றவர்கள் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர்கள் இடை மாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர்கள் கடை மாணாக்கர். சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியை இடையில் வைத்தாரே, அந்த முனிவரின் நிதானத்தை நாம் பல முறை வியந்திருக்கிறோம். கிளியை அவர் இகழவில்லை. தலைமேல் தூக்கி வைக்கவுமில்லை.

நமது இங்கிலீஷ் பரீட்சைகளோ கிளிக்கு முதல் ஆசனம் கொடுத்துவிட்டன. பாடப் புஸ்தகத்துப் பாடத்திலிருந்தே கேள்வி. அந்தக் கேள்விக்கு நோட்ஸில் அச்சிட்ட விடை. அந்த விடையை உருப்போட்டு வந்து கொட்டினால் மார்க்கு. பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னத்துக்கு இந்தச் சபையில் வேலையே இல்லை. முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து, "இதில் சாரம் எது, சக்கை எது?" என்று கேட்டால்தானே அன்னம் தன் திறமையைக் காட்ட முடியும்?

இது ஏதோ உபாத்தியாயர்களின் உட்பூசல் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. பத்தாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி, எப்போதும் எண்பதுக்கு மேல் மார்க்கு வாங்குகிறவள், ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நம்மிடம் ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். அவளுடைய தகப்பனார் ஜுரமாக ஆஸ்பத்திரியில் இருந்து முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தார். டாக்டர் கொடுத்த காகிதம் அது. அதை அவள் தடங்கல் இல்லாமல் உரக்கப் படித்தாள். உச்சரிப்பும் நன்றாகவே இருந்தது. படித்து முடித்துவிட்டு, "சார், ஜுரம் இருந்தால் மாத்திரையை நிறுத்தணுமா, ஜுரம் விட்டால் நிறுத்தணுமா? அம்மா கேட்கிறாங்க" என்றாள்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். ஜுரம் நீடித்தாலொழிய ஐந்து நாளைக்குப் பிறகு மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அந்த "ஒழிய" என்ற இடத்தில் இருந்த வார்த்தை "அன்லெஸ்". நேயர்களே, இந்த "அன்லெஸ்" அந்தப் பெண்ணுக்குப் புதியதன்று. "இஃப்" என்றும் "நாட்" என்றும் வரும் வாக்கியத்தை "அன்லெஸ்" போட்டு மாற்றி எழுது என்ற கேள்வி பரீட்சைக்குப் பரீட்சை வருகிறது. அதில் அவள் ஒருமுறையாவது மார்க்கை இழந்ததில்லை. "இஃப்"பை எடு, "நாட்"டை எடு, "அன்லெஸ்"ஸைப் போடு என்று மூன்றே அடியில் கணக்கு மாதிரி முடித்துவிடுவாள். ஆனால் அந்த வார்த்தை தன் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கும் தகப்பனாரைப் பற்றிப் பேசியபோது, அது என்ன சொல்லுகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. புத்தியுள்ள பெண்ணாகையால் ஊகித்துச் செய்யாமல் கேட்க வந்தாள். கேட்க ஆள் இல்லாத வீடுகள் எத்தனை என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

"இந்தக் காலத்தில் கைபேசியே மொழிபெயர்த்துச் சொல்லிவிடுமே!" என்று சிலர் சொல்லலாம். சொல்லும், பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனால் அது சொன்னது சரியா என்று பார்ப்பதற்கும் ஒரு வாசகன் வேண்டும். பொய்ச் செய்தி அனுப்பிப் பாங்கிப் பணத்தைச் சுருட்டும் ஆசாமிகளும் கைபேசியில்தான் வருகிறார்கள். அவர்கள் செய்தியையும் அது வெகு நேர்த்தியாக மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு பையனையும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். அரைப் பரீட்சையில் இங்கிலீஷில் அவனுக்கு 22 மார்க்கு. தேர்வதற்கு வேண்டியதோ 35. தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஐயா, இவனுக்கு இங்கிலீஷ் ஏறலை. காசைப் பாழாக்குவானேன்? எங்க மாமன் பட்டறையில விட்டுடலாம்னு பார்க்கிறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா சரி" என்றார். பையன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குப் புதிதாக வாங்கிய மோட்டாருடன் வந்த சிறு புஸ்தகம் அன்று நமது மேஜையின் மேல் இருந்தது. அதை அவனிடம் கொடுத்து, ஒரு பக்கத்தைக் காட்டி, "இதை மனசுக்குள் படி, படித்துவிட்டு அப்பாவுக்குத் தமிழில் சொல்லு" என்றோம். பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டான். பிறகு, தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டக் கூடாது, ஓட்டினால் உள்ளே இன்ன பாகம் தேய்ந்துவிடும், மின்சாரம் குறைவாக வரும்போது இன்னின்னது செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இரண்டு வார்த்தைகள் தெரியவில்லை என்றும் தானே சொன்னான். தகப்பனார் நம்மைப் பார்த்து, "சரியாச் சொல்றானுங்களா, ஐயா?" என்று கேட்டார். "சரியாகத்தான் சொல்கிறான்" என்றோம். அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பையன் பட்டறைக்குப் போகவில்லை. வருஷ முடிவில் 41 மார்க்கு வாங்கினான். பிரமாதம் ஒன்றும் இல்லை. எழுத்துப் பிழையும் வாக்கியப் பிழையும் அவனை விடவில்லை. பட்டறை வேலையும் நல்ல வேலையே. அதைக் குறைவாக நினைக்கிறவர்கள் நாம் அல்ல. ஆனால் "எனக்கு இங்கிலீஷ் வராது" என்ற பொய்யை நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை பட்டறைக்குப் போகக் கூடாது. 22 என்ற அந்த எண், அவன் எழுதத் தெரியாதவன் என்று மட்டும் சொல்லியிருந்தால் அது உண்மை. படிக்கத் தெரியாதவன் என்றும் சேர்த்துச் சொல்லிற்று, அது அபாண்டம்.

★

பரீட்சை இப்படி ஆனதற்குச் சரித்திர காரணம் இல்லாமல் இல்லை. 1835இல் மெக்காலே துரை தமது பிரசித்தமான குறிப்பை எழுதினார். 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், இங்கிலீஷ் படித்தவர்களுக்கே ஸர்க்கார் உத்தியோகத்தில் முதலிடம் என்று அறிவித்தார். 1857இல் சென்னைச் சர்வகலாசாலை பிறந்தது. அதன் பிரவேசப் பரீட்சை உத்தியோகத்துக்கு வாசற்படி ஆயிற்று. வாசலில் கூட்டம் அதிகம். உள்ளே இடம் குறைவு. வாசற்காப்போனுக்கு ஆளைத் தள்ளிவிடுவதற்கு ஒரு சௌகரியமான தடி தேவைப்பட்டது. "இந்த வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்று, இந்தச் சொல்லைப் பாகுபடுத்து" என்பவை அப்படிப்பட்ட தடிகளாக மிக நன்றாகவே பயன்பட்டன. வெள்ளைக்காரன் 1947இல் மூட்டை கட்டிக்கொண்டு போனான். தடியை மட்டும் வாசலிலேயே சாத்திவைத்துவிட்டுப் போனான்; அதை நாமும் பத்திரமாகப் பாதுகாத்து வருகிறோம்.

அந்நியருக்கு வைத்த பரீட்சையில் வெள்ளைக்காரனும் கடினமாகவே நடந்துகொண்டான் என்பது நமக்கு ஒரு சிறு ஆறுதல். 1913ஆம் வருஷத்தில் கேம்பிரிட்ஜ்க்காரர்கள், இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்று ஒரு தேர்ச்சிப் பரீட்சையை முதன்முதலாக நடத்தினார்கள். மொழிபெயர்ப்பு, இலக்கணம், இலக்கியம், கட்டுரை, ஒலியியல், சொல்வதெழுதுதல், உரக்க வாசித்தல், சம்பாஷணை என்று சுமார் 12 மணி நேரத்துப் பரீட்சை. எழுத வந்தவர்கள் மூன்றே பேர். மூவரும் தவறிப்போனார்கள்! நமது பையன்கள் தவறும்போது தலையில் கைவைத்துக்கொள்ளும் தகப்பன்மார் இந்த மூவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரரிலும் நமது பிள்ளைகளின் தேவையை உணர்ந்த ஒருவர் இருந்தார். டாக்காவில் கல்வி இலாகாவில் ஊழியம் செய்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், 1926இல் வங்காளத்துப் பிள்ளைகளின் இருமொழிக் கல்வியைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். இன்ஷூரன்ஸ் எடுத்தவன் பாதியில் பணம் கட்டுவதை நிறுத்தினால் அதற்குள் கட்டியதற்கு ஒரு தொகை கையில் கிடைக்கிறதல்லவா? அதுபோல, பாதியில் படிப்பை நிறுத்திவிடும் பிள்ளைக்கு அதுவரை படித்ததால் என்ன மிஞ்சுகிறது என்று அவர் கேட்டார். ஐந்து வருஷம் இலக்கண விதிகளை உருப்போட்டு விலகியவனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. தட்டுத் தடுமாறியாவது படித்துப் பொருள் அறியக் கற்று விலகியவனுக்கு ஆயுள் முழுவதும் உதவும் ஒரு சொத்து மிஞ்சுகிறது. ஆகவே இந்தியப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது வாசிப்பே என்பது அவருடைய முடிவு. சுதந்திரம் வந்த பிறகு 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரிக் கல்விக் குழுவும், உயர்கல்வியில் இங்கிலீஷ் நமக்கு ஒரு நூலக மொழியாக விளங்கவேண்டும் என்றது. நூலகத்துக்குப் போகிறவன் செய்யவேண்டிய காரியம் வாசிப்பது. அங்கே போய் ஒருவரும் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றிக்கொண்டிருப்பதில்லை.

★

பின், எப்படித்தான் சோதிப்பது? நமக்குத் தெரிந்த சில வழிகளைச் சொல்லுகிறோம்.

முதலாவது, பார்த்திராத பகுதியாக இருக்கவேண்டும். அதில் கேட்கும் கேள்விக்கு ஒரு வரியைப் பெயர்த்து எழுதினால் விடையாகிவிடக் கூடாது. மோட்டார்ப் புஸ்தகத்தில், "உன் வீட்டுக் கிணறு கோடையில் வற்றிவிடும், அப்போது என்ன செய்வாய்?" என்று கேட்டால் வற்றும் கிணறு புஸ்தகத்தில் இல்லை. படித்துப் புரிந்துகொண்டவன் மட்டுமே பதில் சொல்வான்.

இரண்டாவது, வாசிப்பைச் சோதிக்கும்போது விடையைத் தாய்மொழியில் எழுத அனுமதிக்க வேண்டும். இதைச் சொன்னால் சிலர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஆனால் பழந்தமிழ்ச் செய்யுளைப் படித்த மாணாக்கனிடம் நம் பெரியவர்கள் என்ன கேட்டார்கள்? பதவுரை கேட்டார்கள், பொழிப்புரை கேட்டார்கள். இன்னொரு செய்யுள் இயற்றினால்தான் இந்தச் செய்யுள் புரிந்ததாக ஒப்புக்கொள்வோம் என்று யாரும் சொல்லவில்லை. காந்தியடிகள் 1938இல் ஹரிஜன் பத்திரிகையில் தமது பள்ளி நாட்களைப் பற்றி எழுதும்போது, கணிதம், ரசாயனம், வானசாஸ்திரம் முதலியவற்றில் நாலு வருஷத்தில் கற்றதை, இங்கிலீஷ் மூலமாக அன்றிக் குஜராத்தி மூலமாகக் கற்றிருந்தால் ஒரே வருஷத்தில் எளிதாகக் கற்றிருக்கலாம் என்று கூறினார். புரிந்துகொள்வது ஒரு வேலை. புரிந்ததை அயல்மொழியில் வெளியிடுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தராசில் வைத்தால் எது எவ்வளவு எடை என்று எப்படித் தெரியும்? எழுதும் திறமைக்குத் தனியாகக் கட்டுரையும் கடிதமும் இருக்கவே இருக்கின்றன.

மூன்றாவது, கோடிட்ட இடம் நிரப்புவதில் ஒரு நல்ல முறை இருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் வில்ஸன் டெய்லர் என்பவர் கண்டது. ஒரு பத்திரிகைச் செய்தியையோ கதையையோ எடுத்துக்கொண்டு, முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு, அப்புறம் ஐந்தாவது வார்த்தைதோறும் அழித்துக்கொண்டே போகவேண்டும். பிள்ளை அந்த இடங்களை நிரப்பவேண்டும். ஒரு பகுதி வாசிக்க எளிதா கடினமா என்று அளப்பதற்காக அவர் இதைச் செய்தார். பிற்பாடு பாஷை கற்பவர்களைச் சோதிக்கவும் பயன்பட்டது. தமிழில் பார்த்தால் இதன் நயம் விளங்கும்: "மழை மூன்று நாள் விடாமல் பெய்ததால் ஏரி ——, கரை உடைந்து, பயிரெல்லாம் தண்ணீரில் ——." முதல் இடத்தில் "நிரம்பி" என்று போடுவதற்கு மழையையும் ஏரியையும் தெரிந்திருக்க வேண்டும், "நிரம்பியது" என்று போடாமல் "நிரம்பி" என்று போடுவதற்கு வாக்கியத்தின் போக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொருளும் இலக்கணமும் ஒரே இடத்தில் சோதனையாகிவிடுகின்றன. கிளியால் இதை நிரப்ப முடியாது.

நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறையும் 1915ஆம் வருஷத்து வாக்கில் அமெரிக்காவில் ஃப்ரெடரிக் கெல்லி என்பவர் மௌன வாசிப்பைச் சோதிக்கக் கையாண்டதுதான். திருத்துவதற்கு எளிது, உபாத்தியாயரின் கோபதாபங்களுக்கு அதில் இடமில்லை. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு குறியிடுகிறவனுக்கும் இருபது கேள்வியில் சராசரி ஐந்து மார்க்கு கிடைத்துவிடும் என்பதை மறக்கலாகாது.

இனி இலக்கணம். "நாய் எலும்பைத் தின்றது" என்பதை "எலும்பு நாயால் தின்னப்பட்டது" என்று மாற்றச் சொல்வதால் நாய்க்கும் லாபமில்லை, மாணாக்கனுக்கும் லாபமில்லை. சாலையில் "தி ரோட் இஸ் க்ளோஸ்ட்" என்று பலகை வைத்திருக்கிறார்களே, மூடியவர் யார் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டுப் பாருங்கள். மூடியவர் யார் என்பதில் வழிப்போக்கனுக்கு அக்கறை இல்லை, சாலை மூடியிருப்பதே அவனுக்கு வேண்டிய செய்தி என்று பதில் வந்தால், செயப்பாட்டு வினை எதற்காக இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

பொருளை மாற்றும் இடத்திலேயே இலக்கணத்தைச் சோதிக்க வேண்டும். "ஹீ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்" என்று ஒரு வாக்கியம். "ஹீ ஸ்டாப்ட் டு ஸ்மோக்" என்று இன்னொரு வாக்கியம். இரண்டையும் எழுதிப் போட்டு, "இவற்றில் எதைக் கேட்டால் அவனுடைய மனைவி சந்தோஷப்படுவாள்?" என்று வகுப்பில் கேட்பது நமது வழக்கம். முதலாவதில் அவன் புகைப்பதையே விட்டுவிட்டான். இரண்டாவதில் புகைப்பதற்காக வழியில் நின்றான். ஒரு சிறு உருபில் ஒரு குடும்பத்தின் நிம்மதி அடங்கியிருக்கிறது என்று தெரிந்தவுடன் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அப்புறம் மறப்பதில்லை. தமிழில் இல்லாத "ஏ", "தி" என்ற சொற்களையும் இவ்வாறே, "இந்த நாய் முன்னே வந்த நாயா, புதிதாக வந்த நாயா?" என்று கேட்டுச் சோதிக்கலாம். "அன்லெஸ்"ஸையும் மருந்துக் காகிதத்தில் வைத்துச் சோதிக்கலாம்.

★

இவையெல்லாம் பரீட்சை இலாகா செய்யவேண்டிய காரியங்கள், வீட்டில் இருக்கும் நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. அதற்கு இங்கிலீஷே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

2005ஆம் வருஷம் முதல் "அஸர்" என்ற பெயரால் நமது தேசத்துக் கிராமங்களில் ஒரு கணக்கெடுப்பு நடந்து வருகிறது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையின் கையில் ஒரு சின்னக் காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுகிறார்கள். சில வருஷங்களில் இங்கிலீஷும் அதில் உண்டு. முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு எளிய வாக்கியம். படித்த பிள்ளையிடம், "அர்த்தம் சொல்லு" என்று தாய்மொழியில் கேட்கிறார்கள். 2022இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 24.5 பேரே எளிய இங்கிலீஷ் வாக்கியத்தைப் படித்தார்கள். எட்டாம் வகுப்பில் 46.7 பேர். அப்படிப் படித்தவர்களிலும் எல்லோருக்கும் அர்த்தம் சொல்ல வரவில்லை. பரீட்சை மண்டபத்தில் தெரியாத உண்மை திண்ணையில் தெரிந்துவிட்டது.

அந்தத் திண்ணைப் பரீட்சையை ஒவ்வொரு தாயும் தகப்பனும் தங்கள் வீட்டிலேயே நடத்தலாம். சோப்பு உறை, மருந்துச் சீட்டு, பாங்கியிலிருந்து வந்த கடிதம், ரயில் டிக்கெட்டின் பின்புறம் எதுவாயினும் சரி. பிள்ளையிடம் கொடுத்து, "மனசுக்குள் படித்துவிட்டு எனக்குத் தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். சொல்வதில் தலையும் வாலும் இருக்கிறதா, காரியத்துக்கு உதவுகிறதா என்று தீர்மானிக்க உங்களுக்கு இங்கிலீஷ் வேண்டாம். உலக ஞானம் போதும். அது உங்களிடம் பிள்ளையைவிட அதிகமாகவே இருக்கிறது. சொல்ல வராவிட்டால் திட்டாதீர்கள். எந்த வார்த்தை தெரியவில்லை என்று கேட்டு, அகராதியைப் பார்க்கச் சொல்லுங்கள். தெரியாத வார்த்தை இன்னதென்று தெரிந்துகொள்வதே பாதி வாசிப்பு.

இங்கிலீஷை நாம் வணங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். கொல்லன் உலைக்களத்தில் எத்தனையோ கருவிகள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று கடல் கடந்து வந்ததாக இருக்கலாம். அதை எடுத்து வேலை செய்யத் தெரிகிறதா என்றுதான் பட்டறையில் பார்ப்பார்கள். நமது பிள்ளைகளுக்கும் அந்த நியாயம் கிடைக்கவேண்டும் என்பதே நமது விண்ணப்பம். அடுத்த பரீட்சை முடிவு வெளியாகும்போது, மார்க்கை விசாரிக்க வரும் உறவினரிடம் பிள்ளையையே ஒரு இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்துவரச் சொல்லி, இரண்டு சமாசாரம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உறவினருக்கும் அன்றைய செய்தி தெரிந்ததாக இருக்கும்.